பட்ஜெட் அறைக்குள் பூட்டப்பட்ட மாமா

அன்பும் கோபமும் மாறாத மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கு நான் சௌக்கியம். அங்கு சௌக்கியமா என்று கேட்க இந்த மாதம் வாய் வரவில்லை.

பட்ஜெட் நடப்பு அத்தனையும் நான் அன்றே சொன்னதுதான். நாட்டின் பட்ஜெட் எப்படி உருவாகிறது என்று மந்திரிக்கே முழுசாகத் தெரியாது, அதைத் தைத்து ஒட்டுகிற அரசு அச்சக பைண்டரான எனக்குத் தெரியும். ஒவ்வொரு துறையும் பத்து கேட்கும், நிதித்துறை ஆறை வெட்டும், அமைச்சரவை தலையாட்டும், உடனே எங்களை அச்சகத்துக்குள் வைத்துப் பூட்டுவார்கள். போன் கிடையாது. மந்திரி சபையில் படித்து முடிக்கும்வரை ஒரு ஈகூட வெளியே போகாது. அப்புறம் சபையில் ஒரு மாதம் கத்திவிட்டுக் கையைத் தூக்குவார்கள், ஆனால் அச்சில் இல்லாதது அங்கே முளைக்காது.

உன் அம்மா வாரம் மூன்று தரம் பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய் டயாலிசிஸ் செய்துவருவதைப் பொறுக்காமல், நிதித்துறைச் செயலாளரின் தோளில் கைபோட்டு, "எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெஷின் போடுங்க சார்" என்றவன் நான்தான். "உங்களுக்கு இல்லாததா?" என்றார். உள்ளே போகும் முன் உன் அம்மாவிடம், "இனிமே உனக்கு பஸ்ஸே வேணாம், மெஷின் வருது" என்று சத்தியம் செய்தேன். "அண்ணே, உன் வாய்க்குன்னே தனியா ஒரு துறை ஒதுக்கணும்" என்று சிரித்தாள். ஆனாலும் நம்பினாள்.

முதல் புரூஃபில் அந்த வரி இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது புரூஃபில் அந்த இடத்தில் ஏதோ ஒரு ஊருக்குப் பாலம். பிழை திருத்துகிறவரிடம், "இங்க ஒரு மெஷின் இருந்துச்சே?" என்றேன். "அண்ணே, எழுத்து காணாமப் போனா நான் தேடுவேன். மெஷின் காணாமப் போனா யாரைப் போய்க் கேக்கறது?" என்றார்.

மறுநாள் உன் அம்மா போய்விட்டாள். எனக்குத் தெரிந்ததோ மூன்று நாள் கழித்து, சபையில் கைதட்டல் ஓய்ந்து கதவைத் திறந்த பிறகு. "கடைசியா முகம் பாக்கக்கூட வரலியே மாமா" என்று எழுதியிருக்கிறாய். பூட்டு, கண்ணு, அரசாங்கப் பூட்டு. மாமன் என்ன செய்வேன்?

அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தம்பியை அதட்டாதே. மாமாவின் ஆசி இருவருக்கும் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: பூட்டால் வரமுடியவில்லை என்றது நான் சேர்த்தது. அந்த மறுநாள் காலையிலேயே அச்சகக் கதவுக் காவல் அதிகாரி என் மேசைக்கு வந்து, "உங்க தங்கச்சிக்கு ரொம்ப முடியலையாம், அண்ணன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். கூட ஒரு ஆளை அனுப்பறேன், வண்டி நிக்குது, போயிட்டு வாங்க" என்றார். கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்துதான் சொன்னார். "பைண்டிங் கெடக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். போயிருந்தால், மெஷின் எப்ப வருதுண்ணே என்று கேட்டிருப்பாள்.