மேல்கட்டிலுக்கு ஒரு லிஃப்ட்

விடுதியை மூடச் சொல்லிவிட்டார்கள். குற்றம், கட்டிலுக்கு மேல் கட்டில் இருந்தது.

ஊர் சுற்றும் இளவட்டங்களுக்கான மலிவு விடுதி. ஒரே கூடம், எட்டு இரட்டைக் கட்டில்கள், வரிசையில் நின்று குளிக்க ஒரு குளியலறை. விடுதிக்காரர் நல்ல வேலையை உதறிவிட்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தது. இதுவும் போனால் மாமனார் கடையில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

சோதனைக்கு வந்த அதிகாரி ஏணியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன?"

"ஏணி சார். மேல்கட்டிலுக்கு ஏற."

"கீழே ஆள் தங்கறாங்க. மேலேயும் தங்கறாங்க. ஏறிப்போக வழியும் இருக்கு. அப்ப இது மாடி."

"சார், அது கட்டில்!"

"கட்டிலுக்கு விலக்குன்னு விதியில எங்கேயும் போடலையே. அனுமதி இல்லாம எட்டு மாடி கட்டியிருக்கீங்க."

மேல்கட்டிலிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "அண்ணே, நான் மாடியிலயா இருக்கேன்? அம்மாகிட்ட சொல்லணும்!"

"நீ சும்மா இரும்மா."

மேற்படி பொருள் குறித்து மேலிடம் தீர ஆலோசித்து ஆணை பிறப்பித்தது. மாடி ஒவ்வொன்றுக்கும் கைப்பிடிச் சுவர், தீயணைப்பு வாளி, அவசர வழி. விடுதிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் செய்தார். அவசர வழி என்று எழுதி, கீழ்க்கட்டில் பக்கம் அம்புக்குறி போட்டார். ஒத்திகையில் மேலே இருந்தவன் கீழே படுத்திருந்தவன் வயிற்றில் அவசரமாக இறங்கினான். அதிகாரி திருப்தி தெரிவித்தார்.

இளவட்டங்களுக்குக் கொண்டாட்டம். வாளியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப் போட்டார்கள். கட்டில்மாடியில் தங்குவது நாகரிகமாகிவிட்டது. இடம் கிடைக்காதவன் நாற்காலி மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"எல்லாம் சரி. லிஃப்ட் எங்கே?" என்றார் அதிகாரி.

"கட்டிலுக்கா சார்?"

"மாடிக்கு. வயசானவங்க வந்தா?"

"இது இளைஞர் விடுதி சார்!"

"இளைஞர்களுக்கு வயசே ஆகாதா?"

கதவுக்கு முத்திரை விழுந்தது. மாமனார் கடைச் சீருடைக்கு அளவு கேட்டு ஆள் அனுப்பினார்.

அந்த வாரம்தான் அதிகாரியின் மாமியார் மகள் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் அறையில் இருந்தது ஓர் இரட்டைக் கட்டில். கீழே பேரன் படுப்பான், மேலே காலி. ஆணையையும், லிஃப்ட் இல்லாமல் விடுதிக்கு முத்திரை விழுந்த செய்தியையும் அம்மையார் பத்திரிகையில் வரி விடாமல் படித்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, மாடி வீடா இது? எனக்கு முட்டி வலி. லிஃப்ட் எங்கே?"

"அத்தை, அது கட்டில்..."

"அப்படி விதியில இல்லையே! லிஃப்ட் வர்ற வரைக்கும் நான் உங்க ரூம்ல படுத்துக்கறேன். நீங்க மாடிக்குப் போங்க."

மாப்பிள்ளை ஏறினார். நிமிர்ந்தார். நெற்றி கூரையில் இடித்தது.

மறுநாளே புது ஆணை. கட்டில் என்பது கட்டிலே.

விடுதி திறந்தது. வந்த இளவட்டங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "வெறும் கட்டிலா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். விடுதிக்காரருக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. எட்டு மாடிக்கு முதலாளியாக இருந்து பார்த்தவர்.

மேலிடம் தன் விவேகத்துக்குத் தானே பாராட்டு விழா எடுத்துக்கொண்டது. மாலை அதிகாரிக்கு விழுந்தது. காரியத்தைச் சரிசெய்தது அவருடைய மாமியார்.