மூன்றாவது தடவை கேட்காத கவுண்டி

ஸ்டோர்லி கவுண்டி, மினசோட்டா
அக்டோபர் 11

என்றும் என் மதிப்புக்குரிய ஆர்டிஸ் அக்காவுக்குத் தம்பி வெர்லின் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறது. அங்கே உன் இடுப்பும் நீயும் ஒருவரோடொருவர் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. பாதியைத் தேவாலயத்துக்குக் கொடுத்தேன், மீதியை நானே தின்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஜெயித்தாய். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு அரிசோனாவுக்கே வந்துவிடுகிறேன். "முதல் பனி விழறதுக்குள்ள அந்த ஓட்டை வீட்டைச் சரி பண்ணு, இல்லேன்னா வித்துட்டு இங்க வந்து சேரு, உறைஞ்சு போன தம்பிக்கு நான் சவப்பொட்டி தேட மாட்டேன்" என்று ஈஸ்டரன்று போனில் கெடு வைத்தாயே, அதற்குச் சரி என்று நான் வாக்குக் கொடுத்தது நினைவிருக்கும். அதற்கு முன்பே இரண்டு தடவை நீ கூப்பிட்டிருந்தபடியால் சரி என்று சொல்ல எனக்கு உரிமையும் வந்திருந்தது. வீடு சரியாகவில்லை. இந்தத் திங்கட்கிழமை வாசல் புல்வெளியில் 'விற்பனைக்கு' என்று பலகை நடுகிறார்கள். எப்படி இப்படி ஆயிற்று என்று நீ கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

நாம் பிறந்த வீடு எப்போதுதான் கதகதப்பாக இருந்தது? மாடி அறையில் கூரை ஆணிகளின் தலையிலெல்லாம் பனி பூத்திருக்கும். எந்த ஆணி இனிப்பாக இருக்கிறது பார்க்கலாம் என்று நீ நக்கப் போய் நாக்கு ஒட்டிக்கொள்ள, அம்மா வெந்நீர்க் கெட்டிலோடு படியேறி ஓடிவந்தாள். (ஒட்டிக்கொண்டது என் நாக்கு என்று நீ அங்கே சொல்லி வருவதாகக் கேள்வி. அன்றைக்கு நான் தொட்டிலில் கிடந்தேன் என்பதை அரிசோனாக்காரர்களுக்குத் தெரிவிக்கவும்.) அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு லாவோன் இந்த வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாவது சனிக்கிழமை அவளுக்கு ஜன்னல் நாள். கிழிந்த காலுறைகளைச் சுருட்டிச் சுருட்டி ஒவ்வொரு இடுக்கிலும் வெண்ணெய்க் கத்தியால் திணிப்பாள். கண்ணாடிமேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி இறுக்குவாள். வடக்கிலிருந்து காற்று அடிக்கும்போது அந்தத் தாள் உப்பும், அடங்கும். "பாரு வெர்லின், வீடு மூச்சு விடுது" என்பாள். அந்தச் சனிக்கிழமைகளில் வீடு முழுக்கப் பழைய கம்பளி வாசனையும் அவள் சிரிப்புமாக இருக்கும். ஐம்பத்தொரு அக்டோபர் அப்படிப் போயிற்று. அவள் போன பிறகு இரண்டு அக்டோபர் வந்தது. இரண்டிலும் நானே திணித்தேன். எனக்கு அந்தக் கை வரவில்லை.

இந்த நிலையில்தான் நம் மாவட்டத்தை ஆளுகிற கவுண்டி மன்றம் 'வீட்டுக் கதகதப்புத் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மாநிலத்துப் பணம். பழைய வீடுகளுக்கு இலவசமாகவே மேல்தளத்தில் குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்து, ஜன்னல் மாற்றி, ஓட்டைகளை மூடிக் கொடுப்பார்கள். ஆகஸ்டில் அதற்கான அதிகாரி வந்தாள். மரிசெலா என்று பெயர், டெக்சஸிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள். தங்கமான பெண். ஆனால் முதல் நிமிடத்திலேயே என்னைத் திக்குமுக்காட வைத்துவிட்டாள். வழக்கப்படி "காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். "ஓ, குடுங்க சார்!" என்றாள். முதல் தடவையிலேயே, அக்கா! நான் இன்னும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. அம்மாவின் சமையலறையில் பாதிரியார் வந்தால் எப்படி நடக்கும்? "காப்பி?" "ஐயோ வேண்டாம்." "கொஞ்சமா?" "சிரமப்படாதீங்க." "போட்டாச்சே, ஆறிப் போயிடும்." "அப்படின்னா அரைக் கோப்பை." அந்த அரைக் கோப்பையைத் ததும்பத் ததும்ப ஊற்றுவாள், அவரும் மூன்று முறை குடிப்பார். இந்த ஊரில் மூன்றாவது தடவை கேட்பதற்கு முன் ஒன்றை வாங்கிக்கொள்கிறவன் பசித்தவன் என்றோ வளர்ப்பு சரியில்லாதவன் என்றோதான் அர்த்தம். டெக்சஸில் எப்படியோ.

காப்பியைக் குடித்துவிட்டு அவள் வாசற்கதவில் சிவப்புத் துணி ஒன்றை மாட்டி, நடுவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சவிட்டாள். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கிற சோதனையாம். கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. விசிறி சுற்றியதும் வெளிக்காற்று எல்லாப் பக்கமும் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. காலண்டர் பறந்தது, மேசைமேல் இருந்த தேவாலய அறிக்கை பறந்தது. சமையலறை ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு காலுறை தலையை நீட்டி, மெதுவாக வெளியே வந்து, தொப்பென்று கழுவு தொட்டியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. லாவோனுடைய பச்சைக் கம்பளிக் காலுறைகள். நான் திணித்தவையெல்லாம் சென்ற வருஷமே விழுந்துவிட்டன. இவை அவள் கடைசியாகத் திணித்தவை. நான் அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் விசிறியை நிறுத்திவிட்டு, தன் காகிதத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இந்த வீட்டு ஓட்டையை எல்லாம் கூட்டினா, குளிர்காலம் பூரா ஒரு கதவைத் திறந்தே வச்சிருக்கிற மாதிரி," என்றாள் பிறகு. "எங்க பட்டியல்ல உங்க வீடுதான் முதல். ஜன்னல், பஞ்சு எல்லாம் நாங்களே போட்டுக் குடுக்கறோம். சரியா?"

"அதெல்லாம் எதுக்கும்மா, என்னைவிடக் கஷ்டப்படறவங்க இருப்பாங்க," என்றேன்.

"நிச்சயமா வேண்டாமா?"

"எனக்கென்ன, ஒரு ஸ்வெட்டர் கூடப் போட்டுக்கிட்டா ஆச்சு," என்றேன். மூன்றாவது கேள்விக்காக 'அப்படின்னா, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா' என்பது என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் "உங்க இஷ்டம் சார், உங்க மனசு பெரிசு" என்று சொல்லி, படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டு, கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டாள். நான் ஜன்னலருகே நின்று பார்த்தேன். கார்க்கதவைத் திறந்தாள், திரும்பி வருவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தாள், சரி, யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள்.

நான் ஒருவன்தான் ஏமாந்தேன் என்றால் பரவாயில்லை. நாற்பத்தொரு வீடுகளுக்கு அவள் போயிருக்கிறாள். நாற்பது வீட்டில் 'வேண்டாம்'. ஒரே ஒரு வீட்டில் சரி என்றார்கள், அவர்கள் நெப்ராஸ்காவிலிருந்து வந்தவர்கள். இதைக் கேட்டதும் நம் கவுண்டி மன்றத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தலைவர் ஹார்லன் ஃப்ளாட்டனை உனக்குத் தெரியும், பள்ளியில் உனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து உன் பின்னலை மைக்கூட்டில் தோய்த்தவன். செப்டம்பர் கூட்டத்தில் அவன் இரண்டு தீர்மானம் கொண்டுவந்தான். ஒன்று, தேவையில்லாத திட்டத்தை நன்றியோடு மாநிலத்துக்கே திருப்பி அனுப்புவது. இரண்டு, நம் மக்களின் தன்மானத்தைப் பாராட்டி, முதலில் மறுத்த வெர்லின் ஓஸ்ட்பியின் பெயரால் அக்டோபர் முதல் செவ்வாயைச் சிறப்பு நாளாக அறிவிப்பது. "ஆட்சேபம் உள்ளவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டான். மண்டபத்தில் அறுபது பேர், அறுபது பேர் வீட்டிலும் ஓட்டை, அறுபது பேரும் தரையைப் பார்த்தோம். "இல்லையா?" என்று இன்னொரு தடவை கேட்டான். எனக்குப் பக்கத்தில் மிர்னா, அதுதான் தேவாலயக் காப்பிக் குழுத் தலைவி, கைப்பையை இறுக்கிக்கொண்டு மூன்றாவது தடவைக்காகத் தொண்டையைச் செருமித் தயாராக இருந்தாள். ஹார்லன் சுத்தியலைத் தட்டிவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை விழா. மண்டபத்தில் நல்ல கதகதப்பு, அதற்குப் புதுப் பஞ்சு போன வருஷமே அடைத்தாயிற்று. அறிக்கையை வாசித்தார்கள். 'இரு முறை வற்புறுத்தியும் ஏற்க மறுத்தார் என்பதனாலும், தம்மினும் தேவையுள்ளோரை நினைத்தார் என்பதனாலும், குளிரைப் பொருட்படுத்தாத நம் முன்னோரின் வழி நின்றார் என்பதனாலும்' என்று ஏழு 'என்பதனாலும்' வந்தது. நான் எண்ணினேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேடைக்குக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றேன். மறுபடி கூப்பிட்டார்கள், இருக்கட்டும் என்றேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டார்கள், அக்கா! கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதத்துக்கு மூன்று முறை கேட்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சுக்கு மூன்று முறை கேட்கத் தெரியவில்லை. அந்தப் பத்திரத்தை வீட்டு வடக்குச் சுவரில் மாட்டியிருக்கிறேன். காற்றடிக்கும்போது அது ஆணியில் ஆடி டக் டக்கென்று சுவரில் இடிக்கிறது.

இனி நான் எந்த முகத்தோடு போய் எனக்குப் பஞ்சு வேண்டும் என்று கேட்பேன்? ஊரே என் தன்மானத்துக்குக் கை தட்டியிருக்கிறது. பேசாமல் உன்னோடு வந்துவிடுவதுதான் மரியாதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. லாவோனுடைய கடைசிக் குளிர்காலத்தில், நன்றி அறிவிப்பு நாளன்று, வான்கோழிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "வெர்லின், இந்த வருஷமாவது ஜன்னலை மாத்திடலாமாப்பா?" என்றாள். "எதுக்கு, இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்றேன். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள், போர்வைக்குள்ளிருந்து, "எனக்குக் குளிருதுப்பா, மாத்திடலாமே" என்றாள். "வசந்தம் வரட்டும் பாக்கலாம்" என்றேன். மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன், தெரியுமா? கடையில் போய் ஜன்னல் விலைகூட விசாரித்து வந்தேன். அவள் மூன்றாவது தடவை கேட்கட்டும், சரி என்று சொல்லி அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று இருந்தேன். பிப்ரவரியில் போய்விட்டாள். அந்த ஜன்னல்களோடு இன்னொரு குளிர்காலம் தனியாக இருக்க எனக்கு மனசில்லை, அக்கா. வீட்டைவிட்டு வருவதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். பக்கத்து வீட்டு நாய்க்கும் சொல். உன் மகள் வீட்டாரும் குழந்தைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்கட்டும். உங்கள் ஊரில் வெயில் கொஞ்சம் இரக்கத்தோடு அடிக்கட்டும். எனக்கான அறையில் கனமான போர்வை எதுவும் போட வேண்டாம்.

உன் அன்புத் தம்பி,
வெர்லின்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டப்பட்டது. மரிசெலா. நேற்றுத் தேவாலய விருந்தில் மிர்னா அவளை மூலையில் உட்காரவைத்து, கையில் ஒரு தட்டுக் கேக்கைக் கொடுத்து, "ஏம்மா, நீ நல்ல பொண்ணுதான், ஆனா இந்த ஊர்ல ரெண்டோட நிறுத்தக் கூடாது" என்று மூன்று தடவை விவகாரத்தை முழுக்க விளக்கியிருக்கிறாள். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். இப்போது நாற்பது வீட்டுக்கும் மறுபடி கிளம்பிவிட்டாள். பணம் போய்விட்டதே என்றேன். போகவில்லையாம்! திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நம் கவுண்டி இரண்டு கடிதம் எழுதியதாம், மாநில அலுவலகம் "பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டுக்கும் பதில் போட்டதாம். அங்கேயும் நம்மவர்கள்தானே. மூன்றாவது கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை.

வாசற்படியில் நின்று, காகிதக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஓஸ்ட்பி சார், மூணாவது தடவையா கேக்கறேன், உங்க வீட்டுக்கு" என்று ஆரம்பித்தாள். "வேணும்" என்றேன். அவள் கேட்டுக்கூட முடிக்கவில்லை. "எந்த ஜன்னலை முதல்ல மாத்தலாம்?" என்றாள். படுக்கையறையில் லாவோன் படுக்கும் பக்கத்து ஜன்னலைக் காட்டினேன். வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். பலகைக்காரனிடம் வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அதனால் உன் அறையை வேறு யாருக்காவது கொடு.

பத்திரத்தையும் ஹார்லனிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போன் செய்தேன். "அட, வச்சுக்கோப்பா" என்றான். இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வா, அக்கா. மாடி அறையில் இந்தத் தடவை ஆணியில் பனி இருக்காது. இது நான் முதல் தடவை கேட்பது. மற்ற இரண்டுக்கும் காத்திருக்காமல் சரி என்று சொல்லிவிடு.