முப்பத்தொரு வயதுப் பூனை

கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோதும் அதில் அதே நாலு வரிதான் இருந்தது.

"இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். பூனை ஒன்று, கறுப்பு, இடது முன்னங்கால் மட்டும் வெள்ளை, வயது முப்பத்தொன்று என்று இருக்கிறது. இது எப்படிச் சாத்தியம்? விளக்கம் தேவை." கீழே முதலாளியின் கையெழுத்து, கொஞ்சமும் நடுக்கமில்லாமல்.

ஸ்டோர்கீப்பருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம். இருபத்தொன்பது வருடம் இந்தத் தானியக் கிடங்கில் ஒரு சாக்குகூடக் குறையாமல் காத்தவர். குறைந்தது பூனை மட்டும்தான். அதுவும் நான்கு தடவை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, பதிவேட்டில் இரண்டு வயது என்றிருந்த பூனை லாரிச் சக்கரத்தில் போய்விட்டது. அவருக்கு முன்னால் இருந்தவரை, ஒரே ஒரு ஏணியைக் காணவில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இவர் பயந்துபோய் பூனையைப் பின்சுவர் ஓரமாகப் புதைத்துவிட்டு, அதே சாயலில் இன்னொன்றைப் பிடித்து வந்து விட்டார். ஆரம்பித்ததை நிறுத்த வழியில்லை. அடுத்தது எலி மருந்தில் போனது. மூன்றாவதுக்குச் சிறுநீரகம் கெட்டது. நான்காவது, யாருக்கும் காரணம் சொல்லாமல், ஒரு மத்தியானம் சாக்கின் மேல் தூங்கியபடியே போய்ச் சேர்ந்தது. அதற்கு மட்டும் அவர் அழுதார். பதிவேட்டில் சாகாத பூனைக்காக ஊரறிய அழ முடியுமா? கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷர் யோக்கியம். வயது என்று ஒரு கட்டம் இருந்ததால், வருடம் தவறாமல் ஒன்று கூட்டினார்.

"செத்துப்போச்சுன்னு இப்பவாவது எழுதிடுங்களேன்" என்றாள் மனைவி.

"எந்தத் தேதியைப் போடுறது? நாலு தேதி இருக்கே!"

"முதலாளி என்ன, வந்து பாக்கவா போறாரு? அவரு மாடியை விட்டு இறங்கியே எத்தனையோ வருஷமாச்சு."

"அவரு இறங்காட்டியும் கையெழுத்து இறங்கி வருதே. அவரு நல்லா இருக்கட்டும். அவருக்கு ஒண்ணுன்னா மகனுங்க மறுநாளே கிடங்கை வித்துடுவாங்க. முப்பது குடும்பம் தெருவுல நிக்கும்."

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனார்.

"ஒரு பூனை எத்தனை வருஷம் இருக்கும் டாக்டர்?"

"வீட்டுக்குள்ளேயே வளர்ந்தா பதினஞ்சு. அளவாச் சாப்பாடு, பல்லு சுத்தம், குட்டி போடாம ஒரு ஆபரேஷன்னு கவனிச்சா இருபதுகூட இருக்கும். வெளியே சுத்துறது சண்டை, வண்டி, வியாதின்னு சீக்கிரமே போயிடும். உங்களுக்கு எத்தனை வேணும்?"

"முப்பத்தொண்ணு."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு ஒரு பூனை பத்தாது சார்."

ஸ்டோர்கீப்பர் வீட்டுக்கு வந்து, அளவான சாப்பாடு, சுத்தமான பல் என்று மருத்துவர் சொன்னதையெல்லாம் தாம் செய்ததாக ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். பதில் இரண்டே நாளில் வந்தது.

"இவை எல்லாம் செய்தாலும் இருபதைத் தாண்டுவது அரிது என்று விசாரித்து அறிந்தேன். இத்தனை வருடம் எவருக்கும் சந்தேகம் வராதது எப்படி? செயலாளர் வெள்ளிக்கிழமை நேரில் வருவார். பூனை இருக்க வேண்டும்."

"நக்கலைப் பாத்தியா" என்று மனைவியிடம் கடிதத்தை நீட்டினார்.

திரும்பவும் மருத்துவர். "வயசான பூனை பாக்க எப்படி இருக்கும் டாக்டர்?"

"இளைச்சிருக்கும், முடி மங்கிடும், தாவாது, ஓரமாப் படுத்தே கிடக்கும். ஏன் சார், உங்க வீட்டுல கண்ணாடி இல்லையா?"

இப்போதிருந்த ஐந்தாவது பூனைக்கு வயது இரண்டு. போதாக்குறைக்கு அதற்கு வலது கால்தான் வெள்ளை. பிடித்து வந்த அவசரத்தில் அவர் இடம் வலம் பார்க்கவில்லை.

இளைக்கட்டும் என்று வியாழக்கிழமை சோற்றை நிறுத்தினார். பசித்த பூனை கிடங்கையே இரண்டாக்கியது. முடி மங்கட்டும் என்று சாம்பலைப் பூசினார். அது உதறிய உதறலில் சாம்பல் முழுக்க அவர் தலையில். வெள்ளிக்கிழமை காலையில் வலது காலுக்கு மையும் இடது காலுக்குச் சுண்ணாம்புக் கட்டியும் தேய்த்தார். பூனை உட்கார்ந்து நிதானமாக இரண்டையும் நக்கியது. நாக்கு கறுத்ததுதான் மிச்சம்.

செயலாளர் அம்மா சரியாகப் பத்து மணிக்கு வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். தூங்கிப் பல நாள் ஆன முகம். டிரைவரை வெளியிலேயே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எங்கே அந்தப் பூனை?"

பூனை பதினாலு சாக்கு உயர அடுக்கிலிருந்து ஒரே தாவலில் இறங்கி, ஒரு கொழுத்த எலியைக் கொண்டுவந்து அந்த அம்மாவின் செருப்பின் மேல் வைத்தது.

"முப்பத்தொண்ணா?" என்றார் அவர்.

ஸ்டோர்கீப்பருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவரைப் பின்சுவர் ஓரம் கூட்டிப்போய் நான்கு மேடுகளையும் காட்டினார். லாரி, எலி மருந்து, சிறுநீரகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு நாலாவதில் குரல் உடைந்தது. இருபத்தொன்பது வருடத்தில் அந்தப் பூனைகளுக்காக அவர் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

"என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க மேடம். ஆனா திருடன்னு மட்டும் எழுதாதீங்க."

அந்த அம்மா மேடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

"வருஷா வருஷம் வயசை ஒண்ணு கூட்டினீங்களா?"

"ஆமா மேடம். கட்டம் இருந்துச்சே."

அவர் அங்கே கிடந்த கல்லில் மெல்ல உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து பேனாவை வெளியே எடுத்து, அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் அதே தப்பைத்தான் பண்ணிட்டேன்" என்றார். "கையெழுத்தைப் போட்டதோட நிக்காம, வயசையும் கூட்டிக்கிட்டே வந்துட்டேன். முதலாளிக்கு இந்த மாசம் நூத்திப் பதினொண்ணு ஆகுது."