ஓரெஸ்ட் பபியாக் முற்றத்தில் மலை வளர்ந்த கதை

எங்கள் டன்மோர் ஊருக்குக் குளிர்காலம் நகரசபையின் அனுமதி இல்லாமலே வந்து போகிறது. சபைக்கு இதில் வெகுநாள் வருத்தம். பனியை ஒன்றும் செய்ய முடியாது என்பதால், பனியில் நிற்கும் பொருள்களையாவது ஒழுங்குபடுத்துவோம் என்று ஓர் இலையுதிர் காலத்தில் முடிவெடுத்தார்கள். "நகரின் குளிர்கால எழிலைப் பேணும் பொருட்டு, வீட்டு முற்றங்களில் உல்லாச வண்டிகளை நிறுத்துதல் இதன்மூலம் தடை செய்யப்படுகிறது." ஏகமனதாக நிறைவேறியது. அப்படி வண்டி வைத்திருந்த மற்ற எல்லாரிடமும் அதை உள்ளே விடப் பண்ணைக் கொட்டகை இருந்தது. ஓரெஸ்ட் பபியாக்கிடம் மட்டும் இல்லை.

ஓரெஸ்ட் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டியே காலத்தைக் கழித்தவள். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தாளே தவிர, அவள் எங்கேயும் போனதில்லை. கடலைப் பார்த்ததே இல்லை. பனி உருகியதும் மேற்கே கடற்கரைக்குப் போவது என்று இருவரும் ஒரு வண்டி வாங்கினார்கள். அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும், பிக்கப் லாரியின் முதுகில் பூட்டி இழுத்துப் போகிற வீடு அது. முந்தைய குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் விட்டிருந்தார்கள். எலிகள் சோபாவைத் தின்று, மிச்சத்தில் குடும்பம் நடத்தின. அதைச் சரிசெய்வதிலேயே அந்தக் கோடை போய்விட்டது. "இந்தத் தடவை என் சமையலறை ஜன்னலுக்கு நேரா நிக்கட்டும்" என்று வெர்னா சொல்லிவிட்டாள்.

ஓரெஸ்ட் வண்டியை முற்றத்தில் நிறுத்தி, குளிர்காலத்துக்கு வேண்டியதை முறைப்படி செய்தார். தண்ணீரை வடித்தார். குழாய் வெடிக்காமலிருக்க, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றினார். பேட்டரியைக் கழற்றினார். எலி புகாமலிருக்கச் சந்து பொந்துகளில் இரும்பு நார்ச்சுருளை அடைத்தார்.

அடுத்த நாளே ஸ்டப்ஸ் வந்தார். ஊரின் விதி அமலாக்க அதிகாரி. ஓரெஸ்டோடு சிறு வயதில் ஐஸ் ஹாக்கி ஆடியவர். தொப்பி போடாதபோது நல்ல மனிதர். அன்று தொப்பி போட்டிருந்தார்.

"மனை உரிமையாளர் அவர்களே, இது யாது?"

"நேத்து சீட்டாடும்போது 'டேய் ஓரெஸ்டு'ன்னியேடா!"

"நேற்று நான் பணியில் இல்லை. இது யாது?"

"ஃபிஃப்த் வீல் வண்டி. அஞ்சாம் சக்கரம்பாங்க."

ஸ்டப்ஸ் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தும் பார்த்தார். "நான்குதான் உள்ளன."

"அந்தச் சக்கரம் வண்டியில கிடையாதுப்பா. லாரி முதுகுல ஒரு பூட்டுத் தட்டு இருக்கு பாரு, அதுக்குத்தான் அந்தப் பேரு."

"ஆக, ஐந்தாம் சக்கரம் என்பது சக்கரமே அல்ல. அது இந்த வண்டியிலும் இல்லை."

"இப்பத்தான் சரியாப் புரிஞ்சுக்கிட்ட."

"சக்கரம் குறைந்த வண்டி ஓடாது. ஓடாத வண்டி உல்லாச வண்டி ஆகாது."

ஓரெஸ்டின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தத் தடை இதுக்குச் செல்லாதுல்ல?"

"செல்லாது. குப்பைத் தடை செல்லும். அகற்றுங்கள்."

குப்பை கண்ணில் படாமலிருந்தால் சரியாகிவிடும் என்று ஓரெஸ்ட் வண்டியைத் தார்ப்பாயால் மூடினார். ஸ்டப்ஸ் மறுபடி வந்தார். மேலே மூடியிருப்பது கூரை. கூரை உள்ளது கட்டடம். அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பியது குற்றம் என்றார்.

"அப்ப மழைக்கோட்டு போட்டவனெல்லாம் கட்டடமா?" என்று வெர்னா ஜன்னல் வழியே கேட்டாள்.

"அது பற்றிச் சபையில் கேட்டுச் சொல்கிறேன், அம்மணி. மேலும், ஆள் குடியிராத கட்டடத்தை இடிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு."

அதனால் ஓரெஸ்ட் குடிபோனார். தண்ணீர் இல்லாத, கணப்பு இல்லாத வண்டிக்குள், எச்சில் துப்பினால் தரையைத் தொடுமுன் கல்லாகும் குளிரில். வெர்னா கொடுத்துவிட்ட முட்டைக்கோஸ் உருண்டையை அவரால் கடிக்க முடியவில்லை. ஜன்னல் காற்றில் திறந்துகொள்ளாமல் முட்டுக்கொடுக்கத்தான் அது பயன்பட்டது. காலையில் மீசையில் பனிக்கட்டியோடு வந்து நின்றார். "குழாய்க்கு ஊத்தினதுல மிச்சம் இருந்தா எனக்கும் ஒரு தம்ளர் ஊத்து" என்றார்.

வெர்னா சிரிக்கவில்லை. "போதும். சபைக்காரங்க வண்டிய இழுத்துக்கிட்டுப் போகட்டும். கடல் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. ஓரெஸ்டுக்கு அதுதான் குளிரைவிட அதிகமாக உறைத்தது.

இழுத்துப் போகும் லாரி வருவதற்கு முன்னால் பனிப்புயல் வந்துவிட்டது. புயல் ஓய்ந்ததும் நகரசபையின் பனி தள்ளும் இயந்திரங்கள் புறப்பட்டன. பனியை அருகிலுள்ள காலி இடத்தில் தள்ளுவது விதி. ஓரெஸ்ட் முற்றத்தில் இருந்தது வண்டியில்லை, அனுமதி பெற்ற கட்டடமும் இல்லை என்று சபையே தீர்மானித்திருந்தபடியால், அது காலி இடம்தான். தெருவின் பனி முழுக்க அங்கே வந்து குவிந்தது. வண்டி போன இடம் தெரியவில்லை.

ஸ்டப்ஸ் வந்து அண்ணாந்து பார்த்தார். "வண்டி எங்கே?"

"உள்ள."

தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கண்ணுக்குத் தெரியாத பொருள் எழிலைக் கெடுக்க இயலாது. வழக்கு முடிந்தது" என்று கை குலுக்கிவிட்டுப் போனார்.

எங்கள் ஊர் தோசைக்கல்லைப் போலத் தட்டை. மேடு என்று ஒன்றை நாங்கள் பார்த்ததே கிடையாது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் சறுக்குப் பலகையோடு வந்தார்கள். பிறகு அவர்களைக் கூப்பிட வந்த பெற்றோர்களும் சறுக்கினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து கார்கள் வந்தன. மேயர் ரிப்பன் வெட்டி, அதைப் பொதுப் பூங்கா என்று அறிவித்து, 'ஸ்டப்ஸ் சிகரம்' என்று பெயர் வைத்தார். ஸ்டப்ஸ் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டிக் கூரை அந்தப் பாரத்தைத் தாங்காதே என்று ஓரெஸ்ட் மண்வெட்டியோடு போனால், "பொது மலையைச் சேதப்படுத்தாதீர்" என்று சபை ஆட்கள் தடுத்தார்கள். சறுக்க வந்த கூட்டமும் அதையே சொல்லிக் கூச்சலிட்டது. வெர்னா பாத்திரம் கழுவியபடி, "கடலைப் பாக்கணும்னு நின்னவளுக்கு ஜன்னல்ல மலை" என்றாள்.

பனி உருகத் தொடங்கியது. முதலில் சிகரத்தில் ஒரு புகைபோக்கி தெரிந்தது. பிறகு கூரை. ஓரமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது, ஆனால் பிளக்கவில்லை. ஸ்டப்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பொதுப் பூங்காவுக்குள் உல்லாச வண்டி! இக்கணமே அகற்றுங்கள்!"

"எவ்வளவு தூரத்துக்கு?" என்றார் ஓரெஸ்ட்.

"எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு!"

வெர்னா ஏற்கெனவே லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் இருக்கையில்.

கடலைப் பார்த்தார்கள். வெர்னா செருப்போடு இறங்கி, ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, "சொன்னது நெசந்தான், உப்பு" என்றாளாம். கோடை முழுக்க அங்கேயே இருந்துவிட்டுக் கறுத்துப்போய்த் திரும்பினார்கள்.

அதற்குள் ஊரில் ஒரே கொந்தளிப்பு. மலையைக் காப்பாற்றத் தவறிய சபையை யாரும் மன்னிக்கவில்லை. நகரசபைத் தேர்தலில், ஊருக்கு மலை தந்த மனிதர் என்று ஓரெஸ்டை நிற்கவைத்து அமோகமாக ஜெயிக்கவைத்தோம். முதல் கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். பட்ட பாட்டுக்கு மனிதர் அந்தச் சட்டத்தை இன்றே கிழித்தெறிவார் என்று காத்திருந்தோம்.

ஓரெஸ்ட் எழுந்தார். புதுக் கோட்டு. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாண்புமிகு உறுப்பினர்களே, எதிர்வீட்டு முற்றத்தில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளது. என் இல்லத்து ஜன்னலிலிருந்து பார்க்கச் சகிக்கவில்லை. இனி இந்நகரில் எவரும் குளிர்காலத்தில் படகை வெளியில் வைத்தல் ஆகாது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. படகு வைத்திருந்த இரண்டு பேர் மட்டும் எழுந்து அநியாயம், அக்கிரமம் என்று கத்தினார்கள். நாங்கள் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தோம். ஊரின் நன்மை சிலருக்குப் புரிவதே இல்லை.