மான் வெளிக்கு வேண்டாத மாமன் சீர்

அன்பும் மரியாதையும் நிறைந்த அன்புச்செல்வன் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் வெண்மதி செஞ்சியிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். திண்டிவனத்தில் அத்தையும், உங்கள் நாற்றுப்பண்ணையில் உள்ள எல்லாக் கன்றுகளும் நலமா?

கன்றுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். தங்கை மோனிகாவின் காதுகுத்துக்குத் தட்டு வரிசைக்குப் பதிலாக இருநூறு மரக்கன்றுகளைத் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்து, ஏரிக்கு அப்பால் வெளிமான்கள் மேயும் புல்வெளியில் நடப்போவதாகச் சொன்னீர்கள். அழிந்துவரும் மானுக்கு எங்கள் மாமா காடே தருகிறார் என்று நானும் தெருவெல்லாம் பெருமை பேசினேன். மாமா, தயவுசெய்து கோபிக்காதீர்கள். கன்றுகள் வேண்டாம்.

போன வாரம் நூலகத்தில் ஆங்கிலேயர் காலத்துப் பயணக் குறிப்புகளைப் படித்தேன். நம் கோட்டை மேலிருந்து பார்த்த ஒரு துரை, அதே ஏரிக்கு அப்பால் மான்கள் கூட்டம் கூட்டமாக மேய்ந்ததை எழுதிவிட்டு, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லையே என்று அரைப் பக்கம் புலம்பியிருக்கிறார். மான்கள் புலம்பியதாக எழுதவில்லை. பிறகு வந்தவர்களின் குறிப்புகளிலும் அதேதான்: மான், புல், வெயில். வெளிமானுக்கு நாலாபக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நாய் வந்தால் ஓட வேண்டும். மரம் அடர்ந்தால் புல்லும் போகும், பார்வையும் போகும், மிச்சமிருக்கும் மான்களும் போய்விடும்.

இதை எங்கள் சுந்தரமூர்த்தி சாரிடம் சொன்னேன். "மானுன்னா காட்டுலதாம்மா இருக்கும். நம்ம ஸ்கூல் செவுத்துலயே மரத்தடியிலதான நிக்குது?" என்றார். அந்தப் படத்தை வரைந்தவரும் அவர்தான். ஆனாலும் நியாயமானவர். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை என்னோடும் உங்கள் மச்சானான என் நைனாவோடும் வந்தார். அங்கிருந்த ஒரே வேப்பமரத்தின் பின்னால் மூவரும் ஒளிந்தோம். மான்கள் மேய்ந்தபடி வந்தன, மரத்தைக் கண்டு நின்றன, சுற்றி வளைத்துப் போய் வெட்டவெளியில் பொன்னுசாமி அண்ணனின் ஆடுகளுக்குப் பக்கத்தில் நிம்மதியாக மேய்ந்தன.

"இன்னா சார் இது, நம்மள நம்பாம ஆட்ட நம்புது?" என்றார் நைனா.

"மரத்துக்குப் பின்னாடி நாம ஒளிஞ்சிக்கினு இருந்தா எப்டிங்க நம்பும்?" என்று சார் சொல்லும்போதே அவர் சட்டைக்குள் கட்டெறும்பு புகுந்துவிட்டது. அவர் ஆடிய ஆட்டத்தில் மான்கள் பறந்தன. வெளி இருந்ததால் பறந்தன, மாமா!

வீட்டில் சொன்னதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "தாய்மாமன் சீர வேணாம்னு சொன்ன வூடு செஞ்சியில உண்டாடி? எந்தம்பி மூஞ்சத் திருப்பிக்கினா மோனிகா யார் மடியில குந்தி காது குத்திக்குவா? மானு மடி குடுக்குமா?"

அதனால்தான் போனில் பேசாமல், அம்மாவுக்குத் தெரியாமல் இந்தக் கடிதம். மடியோடு மட்டும் வாருங்கள். நீங்கள் ஒன்றுமே நடாமல் விட்ட இடத்தை நாங்கள் சீராக ஏற்றுக்கொள்கிறோம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் பண்ணையில் வேண்டிய மட்டும் மழை பெய்யட்டும்.

பிரியமுள்ள,
வெண்மதி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அம்மா படித்துவிட்டாள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கன்றுகள் கட்டாயம் வேண்டும். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கொன்று கொடுத்து, அவரவர் வாசலில் நடச் சொல்லப் போகிறோம். பத்திரிகை வைத்தவர்களை எண்ணிப் பார்த்தால் இருநூறு போதாது, இன்னும் நூறு ஏற்றி வாருங்கள். சுந்தரமூர்த்தி சார் தனக்கும் ஒன்று கேட்கிறார். பள்ளிச் சுவரில் இருந்த மரத்தைச் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டார், நிஜ மரம் ஒன்றைப் பக்கத்தில் நட வேண்டுமாம். சுவரில் மான் மட்டும் தனியே வெயிலில் நிற்கிறது. இப்போதுதான் அதன் முகம் தெளிந்திருக்கிறது.