மூணு ரூபாய்க் கூடை

கோவில்பட்டிப் பருத்திக் கடை ஒன்றில் ராமசுப்புவுக்குக் குறை சொல்கிற உத்தியோகம். பசுவந்தனைப் பக்கத்துச் சம்சாரிகள் வண்டியில் பருத்தி கொண்டுவந்தால் ஒரு கை அள்ளிப் பார்ப்பார். "ஈரம்" என்பார். "தூசி" என்பார். பருத்தி அப்பழுக்கில்லாமல் இருந்துவிட்டால் வண்டி மாட்டைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். எப்படியும் விலை இறங்கிவிடும்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி வேலுத்தாய், பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னக் கற்றுக்கொண்டாள். அறுபத்தேழாம் வருஷம் அது அந்தத் தெருவுக்கே புதுசு. பச்சையும் மஞ்சளுமாகப் பத்துக் கூடை பின்னி முடித்த அன்று, என்ன விலை வைக்கலாம் என்று புருஷனிடம் கேட்டாள்.

ராமசுப்பு துள்ளி எழுந்தார். கலியாணமாகி ஏழு வருஷத்தில் அவள் அவரிடம் யோசனை கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஏட்டி, ஒயருக்கு எவ்வளவு ஆச்சு?"

"கூடைக்கு ஒண்ணே கால்."

"எத்தனை நாள் பின்னுத?"

"ரெண்டு நாள்."

"அப்ப மூணு ரூபா. எவ வந்து அழுதாலும் ஒரு பைசா குறையக் கூடாது. விலை விஷயத்தை எங்கிட்ட விட்டுரு."

மறுநாள் சாயங்காலம் துணிக்கடைக்காரர் வீட்டு மெஹராஜ் பேகம் வந்தார். கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலுத்தாய் மூணு ரூபாய் என்றாள்.

"ரெண்டரைக்குத் தாங்க."

உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த ராமசுப்புவின் காதில் பேரம் விழுந்தது. அவ்வளவுதான். நாக்கு நமநமத்தது. வாசலுக்குப் பாய்ந்தார்.

"மூணு ரூபாயா? கைப்பிடியப் பாருங்கம்மா, கோணிக்கிட்டு நிக்கு. அடிப்பாகம் ஆடுது. ஒண்ணரைக்கு மேல குடுக்காதீங்க."

மெஹராஜ் பேகம் ஒன்றரை ரூபாயை வைத்துவிட்டுக் கூடையோடு சிட்டாய்ப் பறந்தார்.

ராமசுப்புவுக்கு அப்போதுதான் உறைத்தது. "வேணும்னு செய்யல, வேலுத்தாயி. விலையக் கேட்டதும் வாயில தானா வந்துட்டு."

வேலுத்தாய் கோபப்படவில்லை. யோசித்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் ரசூல் பீவி என்று ஒரு அம்மாள் வந்தார்.

"ஆறு ரூபா" என்றாள் வேலுத்தாய்.

உள்ளே ராமசுப்புவுக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே வந்து விழுந்தார்.

"ஆறா? பட்டப்பகல் கொள்ளையா இருக்கு. மூணு ரூபா குடுங்கம்மா, போதும்."

"கட்டாதுங்க. அஞ்சு" என்றாள் வேலுத்தாய்.

"மூணு."

"நாலாவது குடுக்கச் சொல்லுங்க."

"மூணுன்னா மூணு."

வேலுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைக் கொடுத்தாள். "ஆறு ரூபாச் சாமான மூணுக்கு வாங்கித் தந்துட்டீங்க. நல்லாருக்கணும் அண்ணாச்சி" என்று வாழ்த்திவிட்டுப் போனார் ரசூல் பீவி.

சேதி தெருத் தாண்டியது. எட்டயபுரத்திலிருந்துகூட ஒருத்தி பஸ் ஏறி வந்தாள். வருகிற பெண்களெல்லாம் வாசலில் முதலில் கேட்டது கூடையை அல்ல. "அண்ணாச்சி இருக்காவளா?" என்றுதான். இல்லையென்றால் காத்திருந்தார்கள். ராமசுப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. கடை அடைத்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். மிச்சமிருந்த எட்டுக் கூடையும் ஒரு வாரத்தில் மூணு மூணு ரூபாய்க்குப் பறந்தன. பெண்டாட்டியை வரிசையாகத் தோற்கடித்த பெருமையில் அவர் தெருவில் கைவீசி நடந்தார்.

கடைசிக் கூடை விற்ற மறுநாள் அடுத்த வீட்டுப் பாலம்மாள் வந்தாள். ராமசுப்பு கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி, அஞ்சு ஓலைப்பாய் முடைஞ்சு வச்சிருக்கேன். நாளைக்கு அண்ணாச்சிய எங்க வாசலுக்கு அனுப்புதீகளா?"

"அதுக்கென்ன. விலைய மட்டும் ரெண்டு மடங்காச் சொல்லிரு. பாதியாக்குத வேலைய அவிய பாத்துக்கிடுவாவ."

ராமசுப்பு அப்படியே நின்றார். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக.

"சும்மா வேண்டாம் மதினி. அவியளுக்கு என்ன தரணும்?"

"ரெண்டு ரூபா."

"ரெண்டா? சாயங்காலம் மட்டுந்தான வருவாவ. முட்டிவலி வேற. முன்மண்டையில முடியும் கொட்டிட்டு."

விலை இறங்கக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ராமசுப்பு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"சரி, முக்கால் ரூபா குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போ" என்றாள் வேலுத்தாய்.