ராஜாத்தியைக் காணவில்லை

இருபத்தெட்டு வருடங்களாக அச்சகத்தில் புரூஃப் பார்த்து வருகிறவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேனாவைத் திறக்க மனம் வரவில்லை. மேஜை மேல் கிடந்தது ஒரே ஒரு பக்க நோட்டீஸ்.

‘ராஜாத்தியைக் காணவில்லை’ என்று கொட்டை எழுத்தில் ஆரம்பித்தது அது. ராஜாத்தி என்பது ஒரு கார். பச்சை நிறம், உருண்டை மூக்கு, தாத்தா காலத்து மாடல். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ரயில் நிலைய வாசலில் காணாமல் போனது. எழுதியவர் அவருடைய மாமனார், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர்.

“அடுத்த மாசம் எண்பது முடியுது மாப்பிள்ளை. அதுக்குள்ள ராஜாத்தியில ஒரு தடவை ஏறி உட்கார்ந்துடணும். வேற ஆசை ஒண்ணும் கிடையாது. ‘செவப்பு ஜன்னல் வீட்டு அக்காவுக்கு’ன்னு மட்டும் எழுதி வந்த லெட்டரையே கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். ஒரு காரைக் கண்டுபிடிக்க மாட்டேனா?”

கண்டுபிடித்துவிடுவார் என்பதுதான் புரூஃப்காரரின் பயமே.

ராஜாத்தி திருட்டுப் போன கதையில் ஊருக்குத் தெரியாத பாகம் ஒன்று உண்டு. கல்யாணச் சீராக வந்த அந்தக் கார், தள்ளாமல் ஒரு நாளும் கிளம்பியதில்லை. மனைவி ஸ்டியரிங்கைப் பிடிப்பாள், இவர் பின்னால் நின்று தள்ளுவார். கல்யாணமான ஆறு வருடங்களில் அவர் காருக்குள் உட்கார்ந்த தூரத்தைவிடக் காருக்குப் பின்னால் ஓடிய தூரம்தான் அதிகம். விற்கவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் வந்து, “ராஜாத்தி எப்படி இருக்கா?” என்று விசாரித்த பிறகுதான் மகளை விசாரிப்பார்.

கடைசியில் புரூஃப்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். ரயில் நிலைய வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, சாவியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு வந்தார். வருகிற திருடன் சிரமப்படக் கூடாதே என்று சரிவான இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தினார். முதல் நாள் யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள் மழை பெய்தது. எந்தப் புண்ணியவானோ கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ‘சாவி உள்ளே இருக்கிறது, கவனம்’ என்று சீட்டு எழுதி வைத்திருந்தான். உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருப்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. நான்காம் நாள் கார் இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி மூன்று நாள் அழுதாள். அந்த அழுகை இன்றைக்கும் அவர் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

இத்தனைக்கும், மாமனார் தேடப்போகிறேன் என்று அறிவித்தபோது அவள் என்ன சொன்னாள்? “போனது போகட்டும்பா. வயசான காலத்துல நீங்க எதுக்கு அலையணும்?” என்றாள். கார் போட்டோ இருந்த ஆல்பத்தை மாமனார் கேட்டதும் இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள், பாவம், கிடைக்கவில்லை. காரின் பேப்பர்கள் காரோடு போய்விட்டன. போஸ்ட்மாஸ்டருக்கோ நம்பர் மறந்துவிட்டது. “எனக்கு நல்லா ஞாபகம் இருக்குப்பா, 4471” என்று மகள்தான் சொன்னாள். புரூஃப்காரருக்கு ஞாபகமில்லை. பின்னாலிருந்து தள்ளும்போது தலையைக் குனிந்துகொண்டே தள்ளினால் நம்பரா தெரியும்?

இப்போது அந்த நோட்டீஸ் அவர் கையில். ஒரு காற்புள்ளியைக் கூடத் தப்பவிடாதவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றினார். 4471, 4417 ஆயிற்று. தொடர்பு எண்ணாகத் தன் செல்போன் எண்ணைப் போட்டுக்கொண்டார். இல்லாத காருக்கு யார் போன் பண்ணப் போகிறார்கள்?

நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே போன் வந்தது. அவர் வீட்டில், மாமனாருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“சார், நர்சரியிலேர்ந்து பேசறேன். நீங்க தேடற வண்டி எங்ககிட்டதாங்க நிக்குது. 4417. பச்சைக் கலரு, உருண்டை மூக்கு, இடது கதவுல ஒரு சொட்டை.”

இடது கதவுச் சொட்டை, தள்ளும்போது அவர் தடுக்கி விழ, கார் மட்டும் உருண்டுபோய்க் கம்பத்தில் உரசிய அன்று விழுந்தது. அப்படியானால் சரியான நம்பர் இதுதானா? துக்கத்தில் மனைவி தப்பாகச் சொல்ல, இவர் கைவரிசை அதைத் திருத்தி வைத்திருக்கிறது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பிழை செய்ய உட்கார்ந்தவர் அதையும் பிழையில்லாமல் செய்து தொலைத்திருக்கிறார்.

“ராங் நம்பர்!” என்று கத்திவிட்டு வைத்தார்.

“யாரு மாப்பிள்ளை?” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

“யாரோ... செடி வேணுமான்னு கேக்கறாங்க மாமா.”

“அதுக்கு ஏன் வேர்க்குது உங்களுக்கு?”

மறுநாள் அச்சகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நர்சரிக்கு ஓடினார். நர்சரி முதலாளி மண்வெட்டியும் கையுமாக நின்ற சாதுவான மனிதர். கொட்டகையின் ஓரத்தில் ராஜாத்தி நின்றாள். இன்ஜின் இருந்த இடத்தில் ரோஜா நாற்றுகள், பின் சீட்டில் தொட்டிகள், கூரை முழுக்கக் கொடி. பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். தள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் இப்போதுதான் அவள் அழகாக இருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது.

“சார், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். என் மாமனார் இதயம் பலவீனமானவர். இதப் பாத்தார்னா அங்கேயே போயிடுவார். கார் இல்லவே இல்லைன்னு இருந்துடுங்க.”

“ஐயோ பாவம். அவ்வளவு பாசமா வண்டி மேல?” முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. “சும்மாவே குடுத்துடறேன் சார். லாரியில ஏத்தி வீட்டு வாசல்லயே கொண்டுவந்து இறக்கிடறேன்.”

“வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!”

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்ததற்கு அடையாளமாக ஒரு குரோட்டன்ஸ் செடியை வாங்கிக்கொண்டு திரும்பினார். அங்கேதான் சறுக்கினார்.

“இதென்ன மாப்பிள்ளை, புதுசா?” போஸ்ட்மாஸ்டர் செடியைப் பார்க்கவில்லை, தொட்டியில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தார். நாற்பது வருடம் முகவரி படித்த கண். “நேத்து போன்ல கூப்பிட்டவங்ககிட்ட வாங்கினதா?”

“ஆமா மாமா. சும்மா... வீட்டுக்கு அழகா இருக்கட்டும்னு.”

“கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கீரைக்கட்டுகூட நீங்களா வாங்கிட்டு வந்ததில்லை. நேத்து ராங் நம்பருன்னு கத்தினீங்க. இன்னிக்கு அங்கேயே போய்ச் செடி வாங்கறீங்க.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “ஏதோ சமாசாரம் இருக்கு. கிளம்புங்க. நீயும் வாம்மா.”

“எனக்குத் தலைவலிப்பா” என்றாள் மனைவி. முகம் வெளுத்துப் போயிருந்தது.

“காத்தாட நடந்தா சரியாப் போகும். வா.”

நர்சரிக்குள் நுழைந்ததும் போஸ்ட்மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தடுமாறி நடந்துபோய் உருண்டை மூக்கின் மேல் கையை வைத்தார். “ராஜாத்தி” என்றார். முதலாளி ஓடிவந்து முன் கதவைத் திறந்துவிட, ஸ்டியரிங்கின் மேல் படர்ந்திருந்த கொடியை விலக்கி உள்ளே உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். இதோடு முடிந்துவிடாதா என்று புரூஃப்காரர் வேண்டிக்கொண்டார்.

முடியவில்லை. இறங்கி வந்த போஸ்ட்மாஸ்டர் வேறு ஆளாக இருந்தார்.

“இது திருட்டு வண்டி. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

முதலாளி திகைத்தார். “திருட்டு வண்டியா? எங்க அப்பா காலத்துல வந்ததுங்க. அப்ப நான் இங்க இல்லை. எங்க தோட்டக்காரருக்குத்தான் தெரியும். அன்னிக்கு அவர்தான் இருந்தாராம். பின்னால தண்ணி ஊத்திட்டிருக்கார், கூப்பிடறேன்.”

“யாரையும் கூப்பிட வேண்டாம். போலீஸைக் கூப்பிடறேன். திருடனைப் பிடிச்சுட்டுத்தான் மறுவேலை. என் பொண்ணு மூணு நாள் பச்சைத் தண்ணி குடிக்கலை!”

போஸ்ட்மாஸ்டர் கைபேசியை எடுத்தார். முதலாளி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் தன் மாமனாருக்காகக் கண் கலங்கிய மனிதர். புரூஃப்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“மாமா, வேண்டாம்! அவர் மேல தப்பு இல்லை. எல்லாம் என்னாலதான்.”

“என்ன மாப்பிள்ளை உளர்றீங்க?”

“ராஜாத்தியை வேணும்னேதான் தொலைச்சேன். சாவியோட நிறுத்திட்டு வந்தேன். யாராவது எடுத்துட்டுப் போகட்டும்னு நாலு நாள் காத்திருந்தேன். ஆறு வருஷம் தள்ளித் தள்ளி முதுகெலும்பே போச்சு மாமா. உங்ககிட்ட சொல்ல தைரியம் வரலை.” சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் முட்டியது. மனைவி பக்கம் திரும்பினார். “நீ அழுத அழுகையை நான் இன்னும் மறக்கலை. உன் கால்ல வேணா விழறேன். என்னை மன்னிச்சுடு.”

போஸ்ட்மாஸ்டரின் கை, கைபேசியோடு அந்தரத்தில் நின்றது. “உங்களைப் போய் உத்தமன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே!” என்றார். “பாரு, என் பொண்ணு பேச்சு மூச்சு இல்லாம நிக்கறா.”

உண்மைதான். அவள் பேச்சு மூச்சு இல்லாமல்தான் நின்றாள். ஆனால் புரூஃப்காரரையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. கொட்டகைக்குப் பின்னாலிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்த வயதான தோட்டக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்ளப் போனாள். நேரம் போதவில்லை.

தோட்டக்காரர் வாளியைக் கீழே வைத்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“அடடே, வாங்கம்மா! ஸ்டேஷன்லேர்ந்து நீங்க இந்த வண்டிய ஓட்டிட்டு வந்து, ‘என் வீட்டுக்காரரும் அப்பாவும் வந்து கேட்டா மட்டும் காட்டிடாதீங்க’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனீங்களே, இன்னி வரைக்கும் நான் ஒரு பயகிட்ட மூச்சு விடலம்மா!”